கணிப்பொறியின் காய்ச்சலை யார் பார்ப்பது?

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நண்பகல் வேளையில் ஒரு கணிப்பொறியை இயக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் அதனுள் இருக்கும் விசிறி விரைந்து சுழலும் ஓசை கேட்கும். வெளியே வெயில் 38, 39 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் செயலியோ 70, 80 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். விசிறியை விரைவுபடுத்த வேண்டும் என்பது அப்பொறிக்கு எப்படித் தெரிந்தது? திரையின் மூலையில் ஒரு நிரல் ‘வெப்பநிலை 72’ என்று காட்டுகிறதே, அந்த எண் அதற்கு எங்கிருந்து கிடைத்தது? இதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நிரல் என்பது வெறும் கட்டளைகளின் வரிசை. அதற்குத் தொட்டுப் பார்க்கக் கையில்லை. சூட்டை உணரும் சிறு கருவி ஒன்று சில்லுக்குள் இருக்கிறது. ஆனால் நிரல் நேரே அக்கருவியிடம் போவதில்லை, போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே இயக்கமுறைமை என்ற பொறுப்பாளர் அமர்ந்திருக்கிறார். வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மழைமானியை நினைத்துக் கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள், ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து மானியைத் திறந்து பார்ப்பதில்லை. பொறுப்பான ஒருவர் குறித்த நேரத்தில் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார். வேண்டியவர்கள் பதிவேட்டைப் பார்த்துக் கொள்கிறார்கள். கணிப்பொறிக்குள்ளும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். இந்த ஏற்பாடு எப்படி வளர்ந்தது, அதில் நேர்ந்த தவறுகள் என்ன, பதிவேட்டை யார் பார்க்கலாம் என்ற கேள்வி இன்று ஏன் பெரிதாகியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ

நம் நாட்டுப் பள்ளிகளிலிருந்தே தொடங்குவோம். 1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற சுருக்கப் பெயருடைய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கு வந்த பொறி, இங்கிலாந்தில் ஏகான் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘பிபிசி மைக்ரோ’. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நீங்கள் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ஆயினும் அப்பொறியின் பின்புறத்தில், இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் காண முடியாத ஒரு வாயில் இருந்தது. அது, மாறிக்கொண்டேயிருக்கும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித்தரும் வாயில்.

வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ‘தெர்மிஸ்டர்’ என்ற சிறு பொருளை அவ்வாயிலில் தக்க முறையில் இணைத்தால், அறையின் சூட்டிற்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். உள்ளே இருந்த மாற்றிச் சில்லு அந்த மின்னழுத்தத்தை 4,096 படிகளில் ஒன்றாகக் கணக்கிடும். நான்கு தடங்கள் இருந்தன. ஒரு தடத்தை அளக்க 10 மில்லிவினாடி ஆகும். மாணவர் எழுதும் பேசிக் நிரலில் ‘ஏடிவேல்’ என்ற ஒரே சொல்லைப் போட்டால் போதும், 0 முதல் 65,520 வரையிலான ஓர் எண் கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மாணவரின் நிரல் கேட்ட பிறகு அளவீடு தொடங்குவதில்லை. பொறியின் இயக்கமுறைமை, தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, கடைசியாகக் கிடைத்த எண்ணை நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். நிரல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். மேலும், 4,096 படிகள் உள்ள அளவை 16-ஆல் பெருக்கியே கொடுத்தார்கள். நாளை இன்னும் நுண்ணிய மாற்றி வந்தாலும் நிரலை மாற்ற வேண்டியதில்லை. எண்ணின் எல்லை அப்படியே இருக்கும். கருவி வேறு, கருவி தரும் செய்தி வேறு என்று பிரித்து வைக்கும் அறிவுடைமை இது. நம் பள்ளிகளுக்கு வந்த அச்சிறு பொறியிலேயே இக்கருத்து முழுமையாக அமைந்திருந்தது.

காவலாளி இல்லாத வீடு

அதே 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியும் வெளிவந்தது. அதில் இயங்கிய டாஸ் இயக்கமுறைமையோ நிரல்களுக்குக் காவல் எதுவும் போடவில்லை. அதன் செயலிக்கும் அத்தகைய காவல் அமைப்பு கிடையாது. எந்த நிரலும் எந்த வாயிலையும் நேரே தொடலாம். எடுத்துக்காட்டாக, விளையாட்டுக் கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிய, நிரல்கள் 513-ஆம் எண்ணுள்ள வாயிலை நேராகப் படித்தன. கைப்பிடியின் மின்தடைக்கு ஏற்ப ஒரு மின்தேக்கி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்காக நிரல் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொண்டே காத்திருக்கும்.

சில ஆண்டுகளில் விரைவு மிகுந்த செயலிகள் வந்தன. அதே இடைவேளைக்குள் அவை முன்பைவிடப் பலமடங்கு எண்ணிவிட்டன. விளைவு? கைப்பிடி நடுவில் நின்றபோதும் அது ஓரத்துக்குச் சாய்ந்துவிட்டதாகப் பழைய விளையாட்டுகள் தவறாகக் கணக்கிட்டன. கருவி பழுதாகவில்லை, கைப்பிடியும் பழுதாகவில்லை. அளப்பவரின் கடிகாரம் மாறிப்போனதே காரணம். ஒவ்வொரு நிரலும் தானே அளக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல பாடம்.

எல்லாம் கோப்பே

இதற்கு வேறொரு வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இலேயே தொடங்கியிருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய யுனிக்ஸ் இயக்கமுறைமையில் அச்சுப்பொறி, நாடா, விசைப்பலகை ஆகிய எல்லாமே நிரலுக்குக் கோப்புகளாகவே காட்சியளித்தன. கோப்பைத் திற, படி, மூடு. இந்த மூன்று செயல்களைக் கற்ற நிரலுக்குப் புதிய கருவி வந்தாலும் புதிய பாடம் தேவையில்லை.

1984-இல் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் கிலியன் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின் நிலையையே ‘ப்ராக்’ என்ற கோப்பகத்தில் கோப்புகளாகக் காட்டினார். இந்தக் கோப்புகள் வட்டில் எங்கும் எழுதப்பட்டவை அல்ல. நீங்கள் திறந்து படிக்கும் கணத்தில் இயக்கமுறைமை விடையைத் தயாரித்துத் தருகிறது. கிணற்றில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டவுடன் எட்டிப் பார்த்துச் சொல்லும் ஆளைப் போன்றது இந்தக் கோப்பு. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்த மரபையே மேற்கொண்டது.

பெயர்ப்பலகை இல்லாத கதவுகள்

1990-களின் பிற்பகுதிவரை சாதாரணக் கணிப்பொறிகளில் உடல்நிலையைச் சொல்லும் கருவிகள் அரிதாகவே இருந்தன. செயலிகளின் விரைவு கூடியது, சூடும் கூடியது. அப்போது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம். 78 என்ற சில்லு தாய்ப்பலகைகளில் இடம்பெறத் தொடங்கியது. ஒரு வெப்பநிலை, ஏழு மின்னழுத்தங்கள், மூன்று விசிறிகளின் சுழற்சி ஆகியவற்றை அந்த ஒரே சில்லு அளந்தது. அதன் தம்பியான எல்.எம். 75, வெப்பநிலையை மட்டும் அரை டிகிரிப் படிகளில் அளந்தது.

இத்தகைய சில்லுகளில் பல, பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் வகுத்த இரு கம்பித் தொடர்பின் வழியே பேசுபவை. ஒரு கம்பியில் தாளம், மற்றொன்றில் செய்தி. ஒரே தெருவில் பல வீடுகள் இருப்பதுபோல ஒரே கம்பியில் பல சில்லுகள் இணைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. ஆனால் கதவில் பெயர்ப்பலகை கிடையாது! 72-ஆம் எண் கதவைத் தட்டினால் விடை வரும். விடை சொன்னது வெப்பமானியா, வேறு ஏதேனும் சில்லா என்பதைக் குறிப்பால்தான் ஊகிக்க வேண்டும்.

1998-இல் ஃப்ரோடோ லோயார்ட், பிலிப் எடல்ப்ராக் முதலிய ஆர்வலர்கள் லினக்ஸுக்காக ‘எல்.எம். சென்சார்ஸ்’ என்ற மென்பொருள் தொகுப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். சில உற்பத்தியாளர்கள் தம் பலகையில் எந்தச் சில்லை எப்படி இணைத்திருக்கிறோம் என்று வெளியிடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும் ஒரு நிரலையும் இவர்கள் எழுதினார்கள்.

இதில் ஒரு விபத்து நேர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், அதே கம்பித் தெருவில் ஒரு நினைவகச் சில்லும் குடியிருந்தது. பொறி உயிர்பெறத் தேவையான செய்திகள் அதில் பதிந்திருந்தன. வெப்பமானியைத் தேடி வந்த நிரல் தட்டிய வழக்கமான தட்டல், அச்சில்லுக்கு ‘எழுது’ என்ற கட்டளையாகப் பொருள்பட்டுவிட்டது. உள்ளே இருந்த செய்தி சிதைந்தது. பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது அது எழவேயில்லை. சூட்டை அறிய விரும்பியவர்கள் கணிப்பொறியையே இழந்தார்கள். அதன் பின்னர் அத்தொகுப்பு, திங்க்பேட் பொறியில் இயங்கினால் முதலில் அதைக் கண்டுகொண்டு விலகி நிற்கும்படி திருத்தப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ‘ஏசிபிஐ’ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளே வெப்பநிலையைப் படித்து இயக்கமுறைமைக்குச் சொல்லலாம் என்பது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே சில்லை லினக்ஸின் இயக்கியும் நேரே படிக்க முயன்றால்? இச்சில்லுகள் சிலவற்றில் செய்திகள் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்துப் படிக்கப்போகும் நேரத்தில் மற்றவர் முதற்பக்கத்தைத் திருப்பிவிட்டால், வெப்பநிலை என்று எண்ணி மின்னழுத்தத்தைப் படிக்க நேரிடும். ஆகவே, பலகை மென்பொருள் தனக்குரியது என்று குறித்துவைத்த சில்லை லினக்ஸ் இயக்கி தொடுவதில்லை என்ற கட்டுப்பாடு பிற்பாடு வந்தது. ஒரு கருவிக்கு ஒரு பொறுப்பாளர் என்பதே இதன் சாரம்.

மில்லிடிகிரியின் கதை

பதிவேடு இருந்தால் போதாது. எல்லாரும் ஒரே அளவையில் எழுத வேண்டும். ஒருவர் படியில் எழுத, மற்றொருவர் மரக்காலில் எழுதினால் கூட்டிப் பார்க்க இயலுமா? தொடக்கத்தில் உணர்கருவி இயக்கிகளின் நிலை இப்படித்தான் இருந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் ‘சிஸ்’ என்ற புதிய கோப்பகம் முறைப்படி அமைந்தது. அதில் ஒரு கோப்பில் ஓர் எண் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கொள்கை. வெப்பநிலை என்றால் டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்னழுத்தம் என்றால் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விசிறி என்றால் நிமிடத்திற்கு எத்தனை சுற்று. எந்த நிறுவனத்தின் சில்லாக இருந்தாலும் இந்த அளவைகள் மாறா.

ஓர் அளவீட்டின் பயணத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். எல்.எம். 75 சில்லு தன் சூட்டை அரை டிகிரிக்கு ஒன்றாக எண்ணி 94 என்று குறிக்கிறது. இயக்கி கம்பி வழியே அதைப் பெற்று, 500-ஆல் பெருக்கி, 47,000 என்று கோப்பில் தருகிறது. திரையில் காட்டும் நிரல் அதை ஆயிரத்தால் வகுத்து ‘47 டிகிரி’ என்று எழுதுகிறது. ஏசிபிஐ முறையிலோ வெப்பநிலை கெல்வின் அளவில், பத்தில் ஒரு பங்காகத் தரப்படும். அங்கே 3,200 என்று வந்தால் அது 320 கெல்வின், அதாவது 46.85 டிகிரி செல்சியஸ். ஒரே சூட்டுக்கு 94, 47,000, 3,200 என மூன்று எண்கள்! தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் கவனம் தவறினால் காய்ச்சல் இல்லாத பொறிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவோம்.

எண் சரியாக இருந்தாலும் அதன் பொருள் வேறாக இருக்கக்கூடும். இன்டெல் நிறுவனத்தின் ‘கோர்’ வகைச் செயலிகள் தம் வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. தாங்கக்கூடிய உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதையே சொல்கின்றன. எல்லை 100 டிகிரி என்றும், செயலி சொன்ன எண் 38 என்றும் கொண்டால், வெப்பநிலை 62. எல்லை எவ்வளவு என்று இயக்கி தவறாக ஊகித்தால் விடையும் தவறே. 2017-இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளில், விசிறிகளைக் கட்டுப்படுத்துவதற்காக உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே எண் தரப்பட்டது. விவரம் அறியாத பலர் தங்கள் செயலி எரிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். பின்னர் இயக்கிகள் அந்த 20-ஐக் கழித்துக் காட்டத் தொடங்கின. பதிவேட்டில் எழுதுபவர் கருவியின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சென்னையில் பிறந்த இயக்கமுறைமை

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2005-இல் சென்னை சி-டாக் மையமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் பயனாக, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவானதே ‘பாஸ்’ என்ற இயக்கமுறைமை. 2007 ஜனவரியில் அது வெளியிடப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம்.

2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அப்பொறிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு அதுவே வீட்டில் நுழைந்த முதல் கணிப்பொறி. அப்பொறிகள் வழங்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், குறிப்பாக 2012-இல், தமிழ்நாடு நீண்ட மின்வெட்டுகளைச் சந்தித்தது நினைவிருக்கும். மின்சாரம் இல்லாத மாலையில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தேர்வைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

மின்கலத்தின் உடல்நிலையையும் இயக்கமுறைமை கோப்பாகவே தருகிறது. ‘சிஸ்’ கோப்பகத்தின் உட்பிரிவு ஒன்றில், மின்கலம் புதிதாக இருந்தபோது கொள்ளத்தக்க ஆற்றல் ஒரு கோப்பிலும், இப்போது முழுதாக மின்னேற்றினால் கொள்ளும் ஆற்றல் மற்றொரு கோப்பிலும் இருக்கும். முன்னது 48 வாட்-மணி, பின்னது 30 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். முப்பதை நாற்பத்தெட்டால் வகுத்தால் 62.5 விழுக்காடு. திரையில் ‘100 விழுக்காடு நிறைந்தது’ என்று காட்டினாலும், உண்மையில் பழைய கொள்ளளவில் ஐந்தில் மூன்று பங்கிற்குச் சற்றே மேல்தான் இருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. விடை பொறிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு கைபேசி

2008-இல் ஆண்ட்ராய்ட் இயக்கமுறைமை கொண்ட முதல் கைபேசி விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸே. ஆனால் கைபேசி நிரல்கள் கோப்பகங்களில் நுழைந்து உணர்கருவிகளைப் படிப்பதில்லை. உணர்கருவிகளுக்கென அமைந்த சேவைப்பகுதியிடம், ‘இந்தக் கருவி, இத்தனை நேரத்துக்கு ஒருமுறை’ என்று பதிவு செய்துகொள்கின்றன. அளவீடு வந்ததும் சேவைப்பகுதியே கூப்பிட்டுச் சொல்லும். பத்து நிரல்கள் ஒரே கருவியைக் கேட்டாலும் கருவி ஒருமுறை அளந்தால் போதும், மின்கலமும் வீணாவதில்லை.

முடுக்கமானி, சுழல்மானி, காந்தமானி, சில கைபேசிகளில் காற்றழுத்தமானி ஆகியவை இவ்வாறு நிரல்களுக்குக் கிடைக்கின்றன. காற்றழுத்தமானி உள்ள கைபேசியுடன் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வதாகக் கொள்ளுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 980 மில்லிபார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே சுமார் 845 மில்லிபார்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அம்மலைப்பாதையில் அழுத்தம் படிப்படியாக இறங்குவதைத் திரையில் காணலாம். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல இயற்பியல் செய்முறை கிடைப்பது அரிது.

இப்போது அதே செய்தியை வேறொரு கண்ணால் பாருங்கள். இருப்பிடத்தை அறிய ஒரு நிரலுக்கு நீங்கள் அனுமதி தரவில்லை. ஆயினும் சுழல்மானி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் சொல்கிறது. காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்கிறது. தமிழ்நாட்டின் மலைச்சாலைகளின் வரைபடம் கையில் உள்ள ஒருவர், இவ்விரண்டையும் ஒப்பிட்டு ‘இவர் ஏற்காட்டுச் சாலையில் போகிறார்’ என்று ஊகிக்க முடியாதா? கருவிகள் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஊர் வெளிப்பட்டுவிடுகிறது.

பதிவேட்டுக்குப் பூட்டு

இது வீண் அச்சம் அன்று. 2014-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளரும், கைபேசியின் சுழல்மானி அருகில் பேசப்படும் ஒலியின் அதிர்வையும் உணர்கிறது என்று காட்டினார்கள். வினாடிக்கு 200 முறை வரை அளக்கும் அக்கருவியின் எண்களைக் கொண்டு, பேசப்பட்ட சொற்களை ஓரளவு கண்டறிய முடிந்தது. ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்க வேண்டும். சுழல்மானிக்கு அனுமதியே தேவைப்படவில்லை!

மின்கலக் கோப்பும் இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. இணையப் பக்கங்கள் மின்கலத்தின் நிலையை அறிய ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முன்பு வழி தந்திருந்தது. லினக்ஸில் அந்த எண் பல தசம இலக்கங்கள் வரை மிக நுண்ணியதாக வந்தது. அந்த நுண்மையே ஒரு கணிப்பொறியை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளமாகப் பயன்படக்கூடும் என்று 2015-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் அவ்வழியை இணையப் பக்கங்களுக்கு அடைத்துவிட்டது.

2020 நவம்பரில் இன்னும் வியப்பான செய்தி வந்தது. இன்டெல் செயலிகள் தாம் செலவழிக்கும் ஆற்றலைத் தாமே கணக்கிட்டுத் தருகின்றன. லினக்ஸில் அந்த எண்ணை எந்தப் பயனரும் படிக்கலாம் என்றிருந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அந்த ஆற்றல் கணக்கை இடைவிடாமல் கவனித்தே, செயலி கையாளும் இரகசியச் சாவிகளைக் கண்டறிய முடியும் என்று நிறுவினார்கள். அடுத்த வீட்டு மின்மானி சுழலும் வேகத்தைப் பார்த்து உள்ளே மாவு அரைக்கிறார்களா, துணி தேய்க்கிறார்களா என்று சொல்வதைப் போன்றது இது. உடனே லினக்ஸில் அக்கோப்பு பொறியின் நிருவாகிக்கு மட்டும் என்று பூட்டப்பட்டது.

பூட்டு பாதுகாப்பைத் தந்தது. அதே வேளையில், தன் நிரல் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளக்க விரும்பிய எளிய மாணவரின் கையையும் அது கட்டிப்போட்டது. ஆண்ட்ராய்டும் படிப்படியாக இறுக்கியது. 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பில், பின்னணியில் ஒளிந்து இயங்கும் நிரல்களுக்கு முடுக்கமானி, சுழல்மானி முதலியவற்றின் தொடர் அளவீடுகள் நிறுத்தப்பட்டன. 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பில், நிரல் தனி அனுமதியை அறிவித்தாலன்றி இத்தகைய கருவிகளின் அளவீட்டு வேகம் வினாடிக்கு 200 என்ற அளவில் வரம்பிடப்பட்டது.

யாருக்கு உரியது?

இவ்வரலாற்றில் இருவகைத் தவறுகளை நாம் கண்டோம். காவல் இல்லாதபோது டாஸ் நிரல்கள் தடுமாறின. திங்க்பேட் பொறிகள் உயிரிழந்தன. சுழல்மானி ஒட்டுக் கேட்டது. காவல் மிகும்போதோ, பொறியின் சொந்தக்காரருக்கே அதன் உடல்நிலை மறைக்கப்படுகிறது. இன்றும் தம் சில்லுகளின் விவரக் குறிப்பை வெளியிடாத நிறுவனங்கள் உண்டு. அவற்றின் இயக்கிகளை எழுதுகிறவர்கள் இருட்டில் தடவியே விவரங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எளிது. கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பொறியின் சொந்தக்காரர் தன் மின்கலத்தின் தேய்மானத்தையும் செயலியின் சூட்டையும் கேட்டால் ஒளிக்காமல் சொல்வதே முறை. எங்கிருந்தோ வந்து அமர்ந்த ஒரு நிரல் கேட்டால், அதற்கு வேண்டிய அளவு மட்டும், வேண்டிய நுண்மை மட்டும், சொந்தக்காரர் அறியச் சொல்வதே முறை. ஒரு விளையாட்டு நிரலுக்குக் கைபேசி எப்பக்கம் சாய்ந்தது என்று தெரிந்தால் போதும். அறையில் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் லினக்ஸ் உள்ள மடிக்கணினி ஒன்று இருந்தால், ‘சிஸ்’ கோப்பகத்தைத் திறந்து பாருங்கள். படிப்பதால் கேடில்லை, எழுத மட்டும் முயலாதீர்கள். மின்கலத்தின் இரு எண்களைக் கண்டுபிடித்து வகுத்துப் பாருங்கள். பின்னர் உங்கள் கைபேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, எந்தெந்த நிரல்களுக்கு எந்தெந்த அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் பொறியைப் பற்றிய பதிவேடு உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை வேறு யார் படிக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.